ஒயர் கூடையா, ஓவனா, வலைப்பதிவா: வடசென்னை வீட்டுக்கு எது ஒத்துவரும்?

வேலை முடிந்து, சமையல் முடிந்து, பிள்ளைகளும் படுத்த பிறகு கையைச் சும்மா வைத்திருக்கப் பிடிக்காதவர்கள் வழக்கமாகத் திரும்பும் பக்கம் மூன்று. கூடை, குரோஷே, ஆரி என்று ஏதோ ஒரு கைவேலை. கேக், பன், பிஸ்கட் என்று பேக்கிங். இல்லையென்றால் எழுத்து, அதாவது வலைப்பதிவு. எது அழகு, எது சுலபம், எதில் காசு வரும் என்றுதான் பேச்சு தொடங்கும். நம் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது அதையெல்லாம் அல்ல, வீட்டை.

ராயபுரம், கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை போர்ஷன் வீடுகளில் ஹாலே படுக்கையறை. பவர் பிளக் ஒன்றுதான் இருக்கும், அதிலும் வாஷிங் மெஷின் செருகியிருக்கும். அடி பம்பில் மெட்ரோ தண்ணீர் வரும் நேரத்துக்கு வீடே எழுந்து நிற்கும். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக் காற்று ஊசியையும் தகர டப்பாவையும் துருப்பிடிக்க வைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் காகிதம் தொய்ந்து போகும். சித்திரை, வைகாசியில் வெண்ணெய் தானே உருகும்.

இவற்றோடு இன்னொரு கேள்வியும் உண்டு, எங்கள் கணக்கில் அதுதான் பெரிய கேள்வி: பாதியில் கீழே வைத்துவிட்டு எழுந்து போக முடியுமா? தண்ணீர் வந்துவிட்டது என்று குரல் கேட்டால் கூடையைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டுக் குடத்தோடு ஓடலாம். சோடா கலந்த மாவை அப்படி விட்டுவிட்டு ஓட முடியாது. எழுத்தை விட்டுவிட்டு ஓடலாம், ஆனால் திரும்பி வரும்போது யோசனை அங்கே காத்துக்கொண்டிருக்காது. ஆகவே தினமும் செய்யக் கைவேலை, வாரம் ஒருமுறை செய்ய பேக்கிங், சொல்வதற்கு விஷயம் சேர்ந்த பிறகு வலைப்பதிவு என்பதுதான் பெரும்பாலான வீடுகளுக்கு ஒத்துவரும் வரிசை. யாருக்கு இது பொருந்தாது என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறோம்.

ஒயர் கூடை

மாமியார் காலத்துச் சமாசாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் நம் பக்கத்து ஈரத்துக்கும் உப்புக் காற்றுக்கும் அசையாத கைவேலை இது ஒன்றுதான். பிளாஸ்டிக் ஒயர் துருப்பிடிக்காது, பூஞ்சை பிடிக்காது, கரண்ட் கேட்காது. ஒரு கத்தரிக்கோல், ஒரு இஞ்ச் டேப், ஒயர் ரோல். அவ்வளவுதான் முதலீடு. சின்னக் கூடைக்கு ஒன்றரை முதல் இரண்டு ரோல் ஆகும். கைப்பிடிக்குத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். ரோல் விலை தரத்தைப் பொறுத்து ஐம்பது, அறுபது ரூபாயை ஒட்டி இருக்கும்.

தரத்தைக் கடையிலேயே சோதிக்கலாம். ஒயரின் நுனியை இரண்டு விரலால் நன்றாக மடித்து விடுங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தால் அது மட்டமான ஒயர். மொட்டை மாடி வெயிலில் நாலு நாள் கிடந்தால் முடிச்சிலேயே வெடிக்கும். கோடு விழாமல் பழைய நிலைக்குத் திரும்பினால் வாங்கலாம். ஒரு கூடைக்கு வேண்டிய ரோல்களை ஒரே தடவையில், ஒரே கட்டிலிருந்து எடுங்கள். அதே நீலம் என்று அடுத்த மாதம் வாங்கினால் அது வேறு நீலமாக இருக்கும்.

சாதா முடிச்சுக் கூடையில் இரண்டு வகை ஒயர் உண்டு. சம நீளத்தில் வெட்டிய துண்டு ஒயர்கள் ஒன்று. அவற்றைப் பிணைத்துக்கொண்டே போகும் நீளமான ஓட்டு ஒயர் மற்றொன்று. புதிதாகப் போடுகிறவர்கள் சறுக்குவது துண்டு நீளத்தில்தான். வீடியோவில் சொன்ன அளவை அப்படியே வெட்டுவார்கள். அவர்கள் கை இறுக்கம் வேறு, உங்கள் கை இறுக்கம் வேறு. கடைசி இரண்டு வரிசை வரும்போது ஒயர் பற்றாது. இதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. மீட்டர் நீளத் துண்டு ஒன்றை எடுத்துப் பத்து முடிச்சு போட்டுப் பாருங்கள். எவ்வளவு ஒயர் தின்றது என்று அளந்து, ஒரு முடிச்சுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். அந்தத் துண்டு அடியிலும் உயரத்திலும் சேர்த்து எத்தனை முடிச்சு போட வேண்டுமோ அதால் பெருக்கி, இரண்டு முனையிலும் ஒரு சாண் கூட்டிக்கொண்டால் பற்றாக்குறை வராது.

கூடை ஒரு பக்கமாகச் சாய்கிறதா? முடிச்சு இறுக்கம் ஒரே மாதிரி இல்லை என்று அர்த்தம். காலையில் போட்ட வரிசையும் ராத்திரி தூக்கக் கலக்கத்தில் போட்ட வரிசையும் வேறு வேறாகத்தான் வரும். அடி முடிந்து நாலு வரிசை ஏறியதும் தரையில் வைத்து ஸ்கேலால் நாலு மூலை உயரத்தையும் பாருங்கள். வித்தியாசம் அரை சென்டிமீட்டரைத் தாண்டினால் அங்கேயே பிரிப்பது நல்லது. மேலே போய்ச் சரிசெய்துகொள்ளலாம் என்பது நடக்காது. ஓட்டு ஒயர் தீர்ந்தால் புது ஒயரைப் பழைய முடிச்சு மூன்றுக்குள் உள்பக்கமாக நுழைத்துத் தொடர வேண்டும். மூலையில் மட்டும் ஒட்டுப் போடக் கூடாது, பாரம் முழுக்க விழுவது அங்கேதான். ஆள்காட்டி விரல் ஓரத்தில் தோல் உரியும். மருந்துக் கடை பிளாஸ்டர் ஒரு சுற்று போதும்.

சாதா முடிச்சு கை வந்த பிறகு நெல்லிக்காய், சிவன் கண், பிஸ்கட் என்ற முடிச்சு வகைகளுக்குப் போகலாம். சிவன் கண்ணில் முதல் வாரமே கை வைத்துவிட்டு "நமக்கு வராது" என்று மூட்டை கட்டி வைப்பவர்கள்தான் அதிகம்.

குரோஷே, ஆரி, மற்றவை

ரயிலிலும் மெட்ரோவிலும் போய் வருகிறவர்களுக்குக் கூடையைவிட குரோஷே மேல். கைப்பையில் அடங்கும். ஒரு கொக்கி ஊசி, ஒரு நூல் உருண்டை. விம்கோ நகரில் ஏறிச் சென்ட்ரலில் இறங்குவதற்குள் இரண்டு மூன்று வரிசை ஓடிவிடும்.

ஆனால் கம்பளி நூலில் சால்வை, குல்லாய் என்று ஆரம்பிக்காதீர்கள். மே மாதம் மடியில் கம்பளியைப் போட்டுக்கொண்டு உட்கார முடியாது. வியர்த்த விரலில் அக்ரிலிக் நூல் சிக்கிச் சிக்கி வரும், பின்னலும் தானாக இறுகும். பருத்தி நூலும் 2.5 அல்லது 3 மில்லிமீட்டர் ஊசியும் எடுத்துக்கொண்டு டம்ளர் விரிப்பு, மொபைல் பை என்று தொடங்குவது நம் சீதோஷ்ணத்துக்குச் சரி. துருப்பிடிக்காத அலுமினியம் ஊசி வாங்குங்கள்.

பழகுவதற்கு 21 சங்கிலி போடுங்கள். ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் ஆரம்பித்தால் 20 சிங்கிள் குரோஷே வரும். வரிசை முடிந்ததும் ஒரு சங்கிலி போட்டுத் திருப்பி, மறுபடி 20. ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ண வேண்டும். எண்ணாவிட்டால் சதுரம் முக்கோணமாகும், காரணம் கடைசித் தையலைத் தவறவிடுவது. அடி வரிசை வில் மாதிரி வளைந்தால் சங்கிலியை இறுக்கிப் போட்டிருக்கிறீர்கள். சங்கிலிக்கு மட்டும் அரை மில்லிமீட்டர் பெரிய ஊசி எடுத்தால் தீர்ந்தது. இன்னொரு குழப்பம் வீடியோ பார்த்துக் கற்கிறவர்களுக்கு: அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே என்பதை பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே என்பார்கள். குறிப்பு எந்த முறையில் இருக்கிறது என்று பார்க்காமல் ஆரம்பித்தால் துணியின் உயரமே மாறிவிடும்.

கொக்கி ஊசியால் துணியில் பூவேலை செய்யும் ஆரி ஒர்க் கற்றுத் தருகிற வகுப்பு இன்று தெருவுக்குத் தெரு இருக்கிறது. ரசித்துச் செய்யத் தகுந்த வேலைதான், ஆனால் ஸ்டாண்டோடு கூடிய மரச் சட்டம் ஹாலில் பாதியை அடைத்துக்கொள்ளும். தினமும் விரித்து, தினமும் மடக்கினால் துணியின் இழுப்பு தளரும். தளர்ந்த துணியில் ஊசியின் கொக்கி நூலை விட்டுத் துணி இழையைப் பிடிக்கும். சட்டத்தை நிரந்தரமாக வைக்க மூலை இருக்கிறவர்கள் மட்டும் இறங்கலாம். பிளவுஸ் துணியை டெய்லர் அளவு குறித்துத் தந்த பிறகே சட்டத்தில் ஏற்ற வேண்டும். வெட்டுவது வேலை முடிந்த பிறகு. ஜரி நூலைக் காற்றுப் புகாத டப்பாவில் போடாவிட்டால் கடற்கரைப் பக்க வீடுகளில் கறுத்துப்போகும்.

குயில்லிங் காகித வேலை மழை மாதங்களில் தொய்யும். ரெசின் ஆர்ட்டுக்கு ஈரமே எதிரி, மேற்பரப்பு வெளுத்துப் பிசுபிசுக்கும்; அதன் வாடைக்கும் மூடிய அறை ஆகாது. இரண்டையும் பிப்ரவரி, மார்ச்சுக்குத் தள்ளி வையுங்கள்.

பேக்கிங்

பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வழியாகவும், ராயபுரம் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகள் வழியாகவும் கேக் நம் பக்கத்துக்குப் பழைய பழக்கம். டிசம்பரில் பக்கத்து வீட்டுக்கு ஒரு துண்டு போகாமல் இருக்காது. ஆனால் தினசரிப் பொழுதுபோக்காக இதை எடுத்துக்கொள்கிறவர்கள் முதலில் கரண்டைப் பார்க்க வேண்டும்.

20 லிட்டர் அளவுள்ள ஓ.டி.ஜி., அதாவது மேசை மேல் வைக்கும் மின்சார ஓவன், அநேகமாக 1,300 முதல் 1,500 வாட் இழுக்கும். 1,500 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர். அதை மிக்சி போடும் 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால், அதுவும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாகச் செருகினால், பிளாஸ்டிக் இளகி வாடை வரும். 16 ஆம்பியர் பவர் பிளக் கட்டாயம். பழைய வீடாக இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒயர் தடிமனைக் காட்டிவிட்டு வாங்குங்கள். மின் கட்டணம் பயப்படுகிற அளவு இல்லை: 15 நிமிடம் சூடேற்றல், 35 நிமிடம் பேக்கிங் என்று ஒரு தடவைக்கு அதிகபட்சம் ஒன்றே கால் யூனிட், தெர்மோஸ்டாட் அணைந்து எரிவதால் உண்மையில் அதைவிடக் குறைவு. இரண்டு மாதக் கணக்கு ஏற்கெனவே 500 யூனிட் விளிம்பில் நிற்கிற வீடுகள் மட்டும் யோசிக்க வேண்டும். அதைத் தாண்டினால் முந்தைய யூனிட்டுகளின் விலை அடுக்கும் மாறும்.

ஓவன் வாங்குவதற்கு முன் குக்கரில் பழகலாம். விசிலையும் கேஸ்கட்டையும் எடுத்துவிட்டு, அடியில் ஒரு டம்ளர் கல் உப்பு பரப்பி, மேலே ஸ்டாண்ட் வைத்துப் பத்து நிமிடம் மூடிச் சூடாக்கி, அப்புறம் கேக் டின்னை இறக்குங்கள். சின்ன தீயில் 40 முதல் 45 நிமிடம். மேல்பக்கம் சிவக்காது, அதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். குக்கர் கேக் நாலு தடவை நன்றாக வந்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் ஓவனுக்கு ஐயாயிரம் செலவழிக்கலாம். சாதாரண மைக்ரோவேவில் இது நடக்காது. சூடான காற்றைச் சுழற்றும் கன்வெக்‌ஷன் வசதி இருந்தால்தான் நடக்கும்.

முதல் கேக் வெண்ணெய் கேக்காக இருக்க வேண்டாம். வெண்ணெயையும் சர்க்கரையையும் அடித்து நுரைக்க வைக்க வெண்ணெய் 18 முதல் 21 டிகிரியில் இருக்க வேண்டும். சமையல் குறிப்பில் "அறை வெப்பநிலை" என்று எழுதுகிறவர்களின் அறை அது. நம் சமையலறை 32 டிகிரி. இளகிய வெண்ணெயில் காற்று நிற்காது, கேக் எண்ணெய் கசிந்து அடர்த்தியாக வரும். எண்ணெயும் தயிரும் சேர்த்த கேக்குக்கு இந்தத் தொல்லையே இல்லை.

ஆறு அங்குல வட்ட டின்னுக்கு அளவு: மைதா 120 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், புளிக்காத கெட்டித் தயிர் 120 கிராம், வாசனையில்லாத எண்ணெய் 60 மி.லி., பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், பேக்கிங் சோடா கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, வெனிலா ஒரு டீஸ்பூன், பதம் பார்த்துச் சேர்க்கப் பால் 40 முதல் 60 மி.லி. ஓவனை 170 டிகிரியில் வைத்து முதலில் 15 நிமிடம் சூடாக விடுங்கள். தயிர், சர்க்கரை, எண்ணெய், வெனிலாவைச் சர்க்கரை கரையும்வரை கலக்குங்கள். மாவு வகையறாவை இரண்டு தடவை சலித்து அதில் கொட்டி, வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்ததும் கலப்பதை நிறுத்துங்கள். இட்லி மாவுக்கும் கொஞ்சம் தளர்ந்த பதம். காகிதம் விரித்த டின்னில் ஊற்றி உடனே உள்ளே வைக்க வேண்டும், 30 முதல் 35 நிமிடம். சோடா தயிரில் பட்ட கணத்திலிருந்து குமிழ் விடத் தொடங்கிவிடும். மாவைக் கலந்துவிட்டுப் பம்புக்கு ஓடினால், திரும்பி வரும்போது அந்தக் குமிழெல்லாம் போயிருக்கும். அதனால் தண்ணீர் வரும் நேரம் தெரிந்து ஆரம்பியுங்கள்.

எது தப்பினால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் மேடாகி வெடித்தால் சூடு அதிகம். அடுத்த முறை பத்து டிகிரி குறைத்து, டின்னை ஒரு தட்டு கீழே இறக்குங்கள். சின்ன ஓவனில் மேல் ராடு டின்னுக்கு மிக அருகில் இருக்கும், 25 நிமிடத்துக்குப் பிறகு மேலே அலுமினிய ஃபாயில் தளர்வாக மூடினால் கருகாது. நடுவில் குழி விழுந்தால் மூன்று காரணங்களில் ஒன்று: 25 நிமிடத்துக்கு முன் கதவைத் திறந்தீர்கள், பவுடர் கூடிவிட்டது, அல்லது வேகவில்லை. ரப்பர் மாதிரி இழுத்தால் அதிகம் கலக்கிவிட்டீர்கள். சோப்பு வாடை அடித்தால் சோடா கூடிவிட்டது. எல்லாம் சரியாகச் செய்தும் எழும்பவில்லையா? பேக்கிங் பவுடரைப் பாருங்கள். நம் ஈரக் காற்றில் மூடி சரியில்லாத டப்பாவில் அது செத்துப்போகும். அரை டீஸ்பூனை வெந்நீரில் போட்டால் உடனே பொங்க வேண்டும். சோடாவுக்கு எலுமிச்சைச் சாறு சொட்டுங்கள்.

இன்னொன்று, கப்பை நம்பாதீர்கள். ஒரு கப் மைதா என்பது அள்ளுகிற கையைப் பொறுத்து 115 கிராமும் ஆகும், 150 கிராமும் ஆகும். முதலில் வாங்க வேண்டிய கருவி எடை மெஷின்தான். பீட்டர், நாசில் செட், சுழலும் ஸ்டாண்ட் எல்லாம் அப்புறம்.

பாதியில் கரண்ட் போனால்? முதல் 15 நிமிடத்துக்குள் என்றால் அந்தக் கேக்கைக் காப்பாற்ற முடியாது; குக்கர் தயாராக இருந்தால் அதற்கு மாற்றிப் பார்க்கலாம். 25 நிமிடம் தாண்டிவிட்டால் கதவைத் திறக்காமல் விடுங்கள், உள்ளே இருக்கும் சூடே பெரும்பாலும் முடித்துவிடும். மின்வாரியம் முன்கூட்டி அறிவிக்கும் பராமரிப்பு நாட்களில் பகல் பேக்கிங் வேண்டாம்.

நம் வெயில் உபகாரம் செய்யும் ஒரே இடம் பன். 250 கிராம் மைதா, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 25 கிராம் சர்க்கரை, 4 கிராம் உப்பு, 150 மி.லி. பால், 25 கிராம் வெண்ணெய். பத்து நிமிடம் பிசைந்தால் எட்டு பன்னுக்கு மாவு. குளிர் நாட்டுக் குறிப்புகள் ஒன்றரை மணி நேரம் ஊறச் சொல்லும். இங்கே 40, 50 நிமிடத்தில் இரட்டிப்பாகும். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள்: விரலால் குத்திய குழி மெதுவாகப் பாதி மட்டும் நிரம்பினால் தயார், அப்படியே அமுங்கினால் மிஞ்சிவிட்டது, புளிப்பு வாடையும் வரும். கத்திரி வெயிலில் பாலைச் சூடாக்கவே வேண்டாம், ஃபிரிட்ஜ் பாலையே ஊற்றலாம். உருட்டி மறுபடி அரை மணி நேரம் வைத்து, 180 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம்.

க்ரீம் கேக் பக்கம் போகிறவர்களுக்கு ஒரே ஓர் எச்சரிக்கை. ஃபேன் காற்றில் விப்பிங் க்ரீம் நிற்காது. டார்க் சாக்லெட் இரண்டு பங்கும் க்ரீம் ஒரு பங்கும் சேர்த்த கனாஷ் ஓரளவு தாக்குப்பிடிக்கும். தொண்டியார்பேட்டையிலிருந்து மாதவரத்துக்கு வண்டியில் கொண்டுபோக வேண்டியதற்கு அதுவே துணை.

தண்ணீர்க் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பசை ஏறிய பாத்திரம் இரண்டு குடம் கேட்கும். டின்னுக்குக் காகிதம் விரிப்பதும், கழுவுமுன் கிண்ணத்தைப் பழைய செய்தித்தாளால் துடைப்பதும் பாதியை மிச்சப்படுத்தும். செய்கிற வேலையில் ஆறுதல் கிடைக்க வேண்டும் என்று ஓவன் வாங்கி, பாத்திரம் கழுவுவதிலேயே அலுத்துப்போய் அதை வாஷிங் மெஷின் மேல் ஏற்றி வைத்த வீடுகள் ஏராளம். சர்க்கரை டப்பாவுக்கு வரும் எறும்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வலைப்பதிவு

செலவு பூஜ்யம் என்பதால் பலர் இதிலிருந்து தொடங்குகிறார்கள், மூன்றாவது பதிவோடு நின்றும் விடுகிறார்கள். பணம் கேட்காது, இடம் கேட்காது, தண்ணீர் கேட்காது. ஆனால் யாரும் கூப்பிடாத ஒன்றரை மணி நேரம் கேட்கும். போர்ஷன் வீட்டில் அதுதான் கிடைக்காத பொருள். அதிகாலையில் எழுகிறவர்களுக்கு இது சரிப்படும். வீட்டில் முடியவே முடியாது என்றால் கொளத்தூர் பக்கத்தில் இருப்பவர்கள் உட்கார்ந்து படிக்கவும் வேலை செய்யவும் இடம் தரும், 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகம் போன்ற இடங்களைப் பார்க்கலாம்.

தட்டச்சு முதல் தடை. ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழாக்கும் முறை உடனே கைவரும், ஆனால் வேகம் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகைக்கு இரண்டு வாரப் பயிற்சி வேண்டும். அதன் பிறகு விசை அழுத்தம் குறையும். பத்துப் பதிவுக்கு மேல் எழுதும் எண்ணம் இருந்தால் அதையே பழகுங்கள். குரல்வழி தட்டச்சு முதல் வரைவுக்கு நல்லது, நிறுத்தக்குறிகளை மட்டும் கையால் போட்டுக்கொள்ள வேண்டும்.

"கௌரி" என்று அடிக்கும்போது ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் கொம்பும் ளகரமும் போடுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் தேடுபொறிக்கு அது வேறு சொல். காலுக்குப் பதில் ரகரம் அடிப்பதும் அப்படித்தான். தேடுகிறவர்களுக்கு உங்கள் பதிவு அகப்படாமல் போவதற்கு இது போதும்.

பிளாக்கர் இலவசம், பராமரிப்பு இல்லை. வேர்ட்பிரஸ்ஸில் வசதி அதிகம், தனி முகவரியும் சர்வரும் வாங்கினால் ஆண்டுக்குச் சில ஆயிரம். பொழுதுபோக்குக்குப் பிளாக்கரே போதும் என்பது எங்கள் கட்சி. அதில் ஒரு குறை: தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் பதிவின் முகவரி "பிளாக் போஸ்ட்" என்ற பொதுப் பெயரோடு ஓர் எண்ணாக விழும். வெளியிடும் முன்பே தனிப்பயன் முகவரியில் இரண்டு மூன்று சொல்லை ரோமன் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்பெல்லாம் செத்துவிடும். வேர்ட் கோப்பிலிருந்து ஒட்டும்போது வடிவமைப்பு இல்லாமல் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் எழுத்தளவு பத்திக்குப் பத்தி மாறும். படங்களை 1,200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி ஏற்றினால் போனில் சீக்கிரம் திறக்கும். மாதம் ஒருமுறை முழுப் பதிவையும் காப்புக் கோப்பாக இறக்கி வையுங்கள்.

படத்துக்கு டியூப் லைட் ஆகாது, கேக் பச்சையடிக்கும். சந்து வீடுகளில் ஜன்னல் வெளிச்சமும் குறைவு. காலை ஏழரைக்குள் அல்லது மாலை ஐந்தை ஒட்டி மொட்டை மாடி, பின்னணிக்கு ஒரு வெள்ளை வேட்டி. போதும்.

எதை எழுதுவது? கூடையும் கேக்குமே விஷயம் என்றால், ஒரே அளவில் இரண்டு முறை செய்து பார்த்த பிறகு எழுதுங்கள். சரிவராத முறையில் என்ன ஆனது என்பதையும் சேருங்கள், படிக்கிறவர்கள் தேடி வருவது அதற்குத்தான். கையால் செய்வதில் நாட்டமில்லாமல் ஊரைப் பார்ப்பதில் நாட்டம் உள்ளவர்களுக்கு, மேலே சொன்ன வரிசை தலைகீழாகும்: அவர்கள் வலைப்பதிவிலேயே ஆரம்பிக்கலாம். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையம், அதே ராயபுரத்தில் 1910-இல் கட்டிய பார்சி அக்னி ஆலயம், திருவொற்றியூர்ப் பட்டினத்தார் சமாதி, பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த அத்தோ நூடுல்ஸ் என்று எழுத நடந்து போகும் தூரத்தில் எத்தனையோ இருக்கின்றன. வீட்டு வாசல் எண்ணும் பிள்ளைகள் முகமும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இதை விக்கலாமே!"

மூன்றாவது கூடையிலோ நாலாவது கேக்கிலோ யாராவது இதைச் சொல்வார்கள். கூடையில் ஒயர் விலைக்கு மேல் கிடைப்பது கூலி. ஒரு கூடைக்கு ஆகும் மணி நேரத்தால் அதை வகுத்துப் பார்த்தால் ஆசை கொஞ்சம் அடங்கும். கேக்கில் மிச்சம் கூடுதல், ஆனால் உணவுப் பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பதிவு வாங்கியாக வேண்டும், 14 இலக்கப் பதிவு எண்ணை அட்டையில் போட வேண்டும். பிறந்தநாள் ஆர்டர் எடுத்த நாளில் கரண்ட் போனால் அது உங்கள் பிரச்சினை. கூகுள் விளம்பரம் 2018 முதல் தமிழ்ப் பதிவுகளுக்கும் உண்டு. அதை நம்பி போன் ரீசார்ஜ்கூட முடிவு செய்ய வேண்டாம். தேதி சொல்லி ஒப்புக்கொண்ட நிமிடத்திலிருந்து பொழுதுபோக்கு வேலையாகிவிடும், அதைத் தெரிந்தே ஒப்புக்கொள்ளுங்கள்.

வாங்கப் போகும்போது

கூடை ஒயர், ஜரி, மணி, ஊசி வகையறாவுக்குப் பாரிமுனை, ரத்தன் பஜார், தேவராஜ முதலி தெரு சுற்றினால் போதும். காகிதம், அட்டைக்கு ஆண்டர்சன் தெரு. முந்திரி, திராட்சை, பட்டைக்குக் கோவிந்தப்ப நாயக்கன் தெரு. பிளவுஸ் துணிக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. 2021-இல் விம்கோ நகர்வரை நீண்ட மெட்ரோவில் வருகிறவர்கள் மண்ணடியில் இறங்கி நடக்கலாம். மொத்தக் கடைகள் பலவும் ஞாயிறு மூடியிருக்கும். மற்ற நாட்களில் பதினோரு மணிக்குப் போனால் கூட்டம் ஏறுவதற்குள் திரும்பலாம். சில கடைகளில் டஜன் கணக்கில்தான் தருவார்கள், ரோலைப் பிரித்துத் தர மாட்டார்கள். இரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து போனால் பகிர்ந்துகொள்ளலாம். பேக்கிங் பவுடரை மட்டும் அங்கே மூட்டையிலிருந்து அளந்து வாங்க வேண்டாம். தேதி அச்சிட்ட நூறு கிராம் டப்பாவைத் தெருமுனைக் கடையில் வாங்கி, திறந்த தேதியை மூடியில் எழுதி வையுங்கள்.